எரித்த கை எழுதிய ஏடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

உலகில் ஏடுகளைத் தேடித் தேடிக் காத்தவர்கள் உண்டு. ஏடுகளைத் தேடித் தேடி அழித்தவர்களும் உண்டு. முன்னவரைப் போற்றுகிறோம், பின்னவரைத் தூற்றுகிறோம். ஆனால் ஒரே மனிதர் தம் ஒரே வாழ்நாளில் இவ்விரண்டையும் செய்திருந்தால் அவரை என்ன செய்வது? போற்றுவதா, தூற்றுவதா?

அப்படிப்பட்ட ஒருவர்தாம் தியேகோ தெ லாந்தா. மெக்சிகோவின் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் யுகாத்தான் நாட்டில், மாயர் என்னும் தொன்மைக் குடிமக்களின் நூல்களைத் தீயிலிட்ட ஸ்பானியத் துறவி அவர். அந்த மாயரின் எழுத்தைத் தாளில் எழுதி வைத்துச் சென்றவரும் அவரே.

இன்று அருங்காட்சியகங்களில் மாயரின் வண்ண மட்குவளைகளைக் காண்போர், விளிம்பைச் சுற்றி எழுதியுள்ள வரியில் காக்காவ் என்ற சொல்லைக் கண்டு, இது சாக்லேட் பானம் அருந்திய குவளை என்று அறிந்துகொள்கிறார்கள். நாம் கொக்கோ என்று சொல்லும் விதைக்கு மாயர் இட்ட பெயர் அது. அந்த ஒரு சொல்லைப் படிப்பதற்கு உலகம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்க நேர்ந்ததில் லாந்தாவுக்குப் பங்கு உண்டு. படிக்க முடிந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆகவேதான் அவருடைய வாழ்க்கை நாம் அறிய வேண்டிய வாழ்க்கையாகிறது.

இளமையும் துறவும்

லாந்தா 1524ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் சிபுவெந்தெஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். மீசை அரும்பும் வயதிலேயே டொலீடோ நகரின் பிரான்சிஸ்கன் மடத்தில் சேர்ந்தார். வறுமையை விரதமாகக் கொண்ட சபை அது. அக்காலத்தில் ஸ்பெயின் நாட்டுக் கப்பல்கள் புதிய கண்டத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு வந்தன. திரும்பும்போது வீரர்களையும் பாதிரிமார்களையும் ஏற்றிச் சென்றன. 1549ஆம் ஆண்டு அவ்வாறு யுகாத்தானில் வந்திறங்கிய துறவிகளுள் ஒருவராக இருந்தார், இருபத்தைந்து வயதை எட்டிப்பிடித்துக் கொண்டிருந்த லாந்தா.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. மாயரின் மொழியை ஊன்றிக் கற்றார். காட்டு வழிகளில் நடந்து ஊர் ஊராகச் சென்றார். இசமால் என்னும் ஊரில், மாயரின் பழைய கோயில் மேடு ஒன்றின்மேல், அந்தக் கோயிலின் கற்களையே கொண்டு பெரியதொரு மடத்தை எழுப்பினார். அந்த மடம் இன்றும் நிற்கிறது. பழைய தெய்வத்தின் மேட்டில் புதிய தெய்வத்தின் வீடு! இந்த ஒரு காட்சியே அவருடைய உள்ளத்தை நமக்குக் காட்டிவிடும்.

ஆயினும் அவர் கண்மூடித் திரிந்தவர் அல்லர். மாயரைக் கசக்கிப் பிழிந்த ஸ்பானியக் குடியேறிகளோடு துறவிகள் ஓயாமல் சச்சரவிட்டார்கள். தம் நாட்டுப் படையினர் மாயர்மீது இழைத்த கொடுமைகளை லாந்தா பின்னாளில் மறைக்காமல் எழுதினார். மாயர் அவரை நம்பினார்கள். சொத்தூத்தா நாட்டின் தலைவர் நாச்சி கோகோம் அவரோடு பழகினார். தம் முன்னோர் வழி வந்த நூல் ஒன்றையும் அவருக்குக் காட்டினார். பிறர் கண்ணில் படாமல் காத்துவந்த ஏட்டை ஓர் அந்நியருக்குத் திறந்து காட்டுவதென்றால் அது சிறிய நம்பிக்கையா?

அவர் கண்ட கொக்கோ பானம்

லாந்தா எதையும் உற்றுப் பார்ப்பவர். மாயர் என்ன உண்கிறார்கள், என்ன உடுக்கிறார்கள், திருமணம் எப்படி, சாவுச் சடங்கு எப்படி என்று எல்லாவற்றையும் மனத்தில் குறித்துக்கொண்டார். கொக்கோவைப் பற்றியும் அவர் குறித்திருக்கிறார்.

மாயர் மக்காச்சோளத்தையும் கொக்கோவையும் அரைத்து நுரை பொங்கும் சுவையான பானம் ஒன்றைச் செய்து விழாக்களில் பரிமாறினார்கள் என்கிறார். கொக்கோவிலிருந்து வெண்ணெய் போன்ற கொழுப்பை எடுத்து, அதையும் சோளத்தையும் சேர்த்து வேறொரு பானம் செய்தார்கள் என்கிறார். கொக்கோ விதையே அங்கு நாணயமாகவும் செலாவணி ஆயிற்று. கடைக்குப் போகிறவன் விதையை எண்ணிக் கொடுத்தான். முவான் என்னும் மாதத்தில் கொக்கோத் தோட்டக்காரர்கள் எக் சுவா என்னும் வணிகர் தெய்வத்துக்கு விழா எடுத்தார்கள் என்பதும் அவர் தரும் செய்தியே.

இப்பானம் நாம் இன்று குடிக்கும் பாலும் சர்க்கரையும் கலந்த பானம் போன்றது அன்று. பால் கறக்கும் மாடு அங்கே இல்லை. கரும்புச் சர்க்கரையும் இல்லை. வறுத்து அரைத்த விதையை நீரில் கரைத்து, மிளகாயோ மணமுள்ள பூக்களோ சேர்த்துக் குடித்தார்கள். பானத்தின் உயிர் அதன் நுரையில் இருந்தது. ஒரு கலத்தை உயரத் தூக்கிப் பிடித்து, கீழேயுள்ள மற்றொரு கலத்தில் நீளமாக ஆற்றி ஆற்றி அந்த நுரையை எழுப்பினார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் உள்ள ஒரு மாயர் குவளையில் இக்காட்சி வரையப்பட்டிருக்கிறது. ஒரு பெண் நின்றுகொண்டு கையிலுள்ள குவளையிலிருந்து கீழுள்ள குவளைக்குப் பானத்தை ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

அக்குவளைகள் லாந்தாவின் காலத்துக்கு எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கி.பி. 600 முதல் 800 வரை அக்கலை உச்சத்தில் இருந்தது. குயவர் சக்கரம் அம்மக்களிடம் இல்லை. களிமண்ணைத் திரித்து வளையமாக அடுக்கி, கையால் வழித்து, உயரமான உருளைக் குவளைகளாக வனைந்தார்கள். வண்ண மண்ணைக் குழம்பாகக் கரைத்து மேலே தீட்டினார்கள். அரசவை, பந்தாட்டம், போர், தெய்வங்கள் எனப் படங்கள் எழுதி, விளிம்பைச் சுற்றி ஒரு வரி எழுத்தும் எழுதிச் சுட்டார்கள். அரசர்கள் அவற்றில் குடித்தார்கள். விருந்தினருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். இறந்தபின் தம்மோடு கல்லறைக்கும் கொண்டுபோனார்கள். அப்படி மண்ணுக்குள் கிடந்த குவளைகளை லாந்தா கண்டிருக்க வழியில்லை. ஆனால் அக்குவளைகளில் எழுதிய அதே எழுத்தை அறிந்தவர்கள் அவர் காலத்திலும் உயிரோடு இருந்தார்கள். மரப்பட்டையை அடித்துத் தட்டையாக்கி, சுண்ணம் பூசி, விசிறி போல் மடித்த நூல்களில் அவர்கள் எழுதி வந்தார்கள்.

மானியில் மூண்ட தீ

1561ஆம் ஆண்டு லாந்தா யுகாத்தான் பகுதித் துறவிகளுக்கெல்லாம் தலைவரானார். அடுத்த ஆண்டே கேடு வந்தது. மானி என்னும் ஊருக்கருகே ஒரு குகையில் தெய்வ உருவங்களும் மண்டை ஓடுகளும் கண்டெடுக்கப்பட்டன. ஞானஸ்நானம் பெற்ற மாயர் இரவில் பழைய தெய்வங்களை வணங்குகிறார்கள் என்று தெரிந்தது. லாந்தா கொதித்தெழுந்தார். தம்மை நம்பியவர்கள் தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ணினார் போலும். நம்பிக்கை என்பது இரு பக்கமும் உடையது என்பதை அவர் எண்ணவில்லை.

விசாரணை தொடங்கியது. மணிக்கட்டில் கயிறு கட்டி ஆட்களைத் தொங்கவிட்டார்கள். காலில் கல்லைக் கட்டினார்கள். சவுக்கால் அடித்தார்கள். பின்னர் எடுத்த கணக்கின்படி வதைக்கப்பட்டவர்கள் 4,000 பேருக்கும் மேல். அதனால் மாண்டவர்கள் 150 பேருக்கும் மேல். வதையில் பெற்ற வாக்குமூலங்களில் உண்மை எது, வலி பொறுக்காமல் சொன்னது எது என்று யாரால் பிரிக்க முடியும்? செத்தவர்களையும் விடவில்லை. உருவ வழிபாடு செய்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

1562ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மானி நகரில் தண்டனை விழா நடந்தது. தெய்வ உருவங்கள் குவியலாக எரிந்தன. மாயரின் நூல்களும் தீயில் விழுந்தன. அவற்றில் பேயின் பொய்களைத் தவிர வேறொன்றுமில்லை என்று லாந்தா கருதினார். நூல்கள் எரிந்தபோது மாயர் மிகவும் மனம் நொந்தார்கள் என்பதை எழுதி வைத்தவரும் லாந்தாவே!

அந்த நூல்களில் என்ன இருந்தது? விண்மீன்களின் கணக்கு இருந்திருக்கும், அரசர்களின் வரலாறு இருந்திருக்கும், மருந்து இருந்திருக்கும். இன்று உலகில் எஞ்சியுள்ள மாயர் நூல்கள் நான்கே நான்கு. ஒன்று ஜெர்மனியில் டிரெஸ்டனில், ஒன்று மாட்ரிட்டில், ஒன்று பாரிசில், ஒன்று மெக்சிகோவில். ஒரு பெரும் இனத்தின் நூலகத்தில் நான்கு நூல்கள் மட்டுமே மிச்சம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைப் படிக்கும் நண்பர்களில் பலரும் அப்படிப்பட்டவர்களே. ஒரு வீட்டுக்குள் எழுத்து வந்து சேர எத்தனை தலைமுறை உழைக்க வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அது வெளியேற ஒரு பகல் போதும் என்பதை மானி நகரத்துத் தீ சொல்கிறது. எழுதத் தெரிந்தவனை அடித்தால் எழுதுகிறவன் அஞ்சுகிறான். அவன் அஞ்சினால் அவன் மகனுக்குக் கற்றுத் தருவதில்லை. அவன் பேரனுக்குத் தன் பாட்டன் எழுத்து வெறும் கோலமாகத் தெரிகிறது.

வழக்கும் நூலும்

அதே 1562ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யுகாத்தானுக்குப் புதிய ஆயராக பிரான்சிஸ்கோ தெ தோரால் வந்து சேர்ந்தார். அவரும் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்தவர்தாம். நடந்ததை அறிந்து அவர் திடுக்கிட்டார். சிறையில் கிடந்த மாயரை விடுவித்தார். லாந்தா தமக்கில்லாத அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று மேலிடத்துக்கு முறையிட்டார். லாந்தா ஸ்பெயினுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1569ஆம் ஆண்டுதான் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

இப்படிக் காத்துக்கிடந்த நாட்களில், ஏறத்தாழ 1566ஆம் ஆண்டு, அவர் ஒரு நூல் எழுதினார். யுகாத்தான் நாட்டுச் செய்திகளின் விவரம் என்பது அதன் தலைப்பின் பொருள். நாட்டின் மண், மரம், பறவை, விலங்கு, மக்களின் வாழ்க்கை, விழாக்கள், நாட்காட்டி அனைத்தும் அதில் உண்டு. மேலே நாம் கண்ட கொக்கோ பானமும் அந்த நூலில் உள்ளதே. இருபது நாட்களின் குறிகளையும், பதினெட்டு மாதங்களின் குறிகளையும் படத்தோடு எழுதினார். கூடவே மாயரின் எழுத்துகள் என்று ஏறத்தாழ முப்பது குறிகளையும் வரைந்து வைத்தார்.

இந்த எழுத்துப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. மாயரும் தம்மைப் போல் அகரவரிசை உடையவர்கள் என்று லாந்தா எண்ணிக்கொண்டார். மாயர் எழுத்தரை உட்கார வைத்து, ஸ்பானிய எழுத்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்கு உங்கள் எழுத்து என்ன என்று கேட்டார். ஸ்பானிய மொழியில் பி என்னும் எழுத்தின் பெயர் பே. மாயர் மொழியில் பே என்றால் வழி. எழுத்தர் ஒரு காலடித் தடத்தை வரைந்தார். கேட்டவர் எழுத்தைக் கேட்டார். எழுதியவர் ஒலியை எழுதினார். ஒரு சொல்லை எழுதச் சொல்லி லாந்தா அதன் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிச் சொன்னபோது, அந்த எழுத்துப் பெயர்களின் ஒலியையும் சேர்த்து எழுதிவிட்டார் எழுத்தர். கடைசியில் ஏதாவது ஒரு வாக்கியம் எழுதும்படி சொன்னதற்கு, தமக்கு விருப்பமில்லை என்னும் பொருள்பட எழுதிக் கொடுத்தார். அதையும் லாந்தா அப்படியே நூலில் சேர்த்துவிட்டார்!

இதிலிருந்து நமக்குப் புலப்படுவது என்ன? மாயர் எழுத்தின் ஒலிக்குறிகளில் ஒரு குறிக்கு ஓர் அசை. மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலி. நம் உயிர்மெய் எழுத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். லாந்தாவுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் எழுதி வைத்தாரே, அதுதான் பெரிது.

ஆயர் தோரால் 1571ஆம் ஆண்டு காலமானார். அந்த இடத்துக்கு லாந்தாவே ஆயராக நியமிக்கப்பட்டார். 1573ஆம் ஆண்டு அவர் யுகாத்தானுக்குத் திரும்பினார். குற்றவாளியாகப் போனவர் ஆயராக வந்தார். 1579ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் மெரிதா நகரில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

உறங்கிய நூல் விழித்தது

லாந்தா எழுதிய மூல நூல் தொலைந்து போயிற்று. அதன் சுருக்கமான படி ஒன்று மாட்ரிட் நகரில் வரலாற்றுக் கழகத்தின் நூலகத்தில் தூங்கிக் கிடந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிராசர் தெ பூர்பூர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கண்டெடுத்து, 1864ஆம் ஆண்டு அச்சிட்டார். அறிஞர் உலகம் ஆரவாரித்தது. நாட்குறிகளும் மாதக்குறிகளும் சரியாகப் பொருந்தின. ஆனால் எழுத்துப் பட்டியலைக் கொண்டு படிக்கப் பார்த்தால் ஒன்றும் ஓடவில்லை. இது ஸ்பானியர் கட்டிய கதை என்றே 1880ஆம் ஆண்டு ஓர் அறிஞர் எழுதினார்.

பூட்டைத் திறந்தவர் யூரி கினோரோசவ் என்னும் சோவியத் அறிஞர். மாயர் நாட்டைக் கண்ணால் கண்டிராமலே, லெனின்கிராடில் அமர்ந்து, அச்சான நூல்களைக் கொண்டே அவர் உழைத்தார். லாந்தாவின் குறிகள் அகரவரிசை அல்ல, அசைகள் என்று அவர் கொண்டார். வான்கோழியின் படத்துக்கு மேல் இரண்டு குறிகள் இருந்தன. முதற்குறி லாந்தா காட்டிய கு. வான்கோழிக்கு மாயர் சொல் குட்ஸ். அப்படியானால் இரண்டாவது குறி ட்சு என்றிருக்க வேண்டும். நாய்க்கு மாயர் சொல் ட்சுல். நாயின் படத்தோடு வரும் சொல்லில் முதற்குறியாக அதே ட்சு நின்றது! கணக்கில் விடையைச் சரிபார்ப்பது போன்ற சான்று இது. 1952ஆம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார். எரிக் தாம்சன் போன்ற பெரும் புலமையாளர்கள் எதிர்த்தார்கள். ஆனால் மெல்ல மெல்ல உண்மை நிலைபெற்றது.

குவளை பேசியது

1984ஆம் ஆண்டு குவாதமாலா நாட்டில் ரியோ அசுல் என்ற இடத்தில், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து கிடைத்த கலங்களில் ஒன்று விந்தையானது. அதற்குக் கைப்பிடி உண்டு. திருகிப் பூட்டும் மூடியும் உண்டு. மேலே சுண்ணம் பூசி எழுத்துகள் தீட்டியிருந்தார்கள். இருபது வயதை ஒட்டிய டேவிட் ஸ்டூவர்ட் என்னும் இளைஞர் அதைப் படித்தார். மாயர் எழுத்தில் அச்சொல்லில் ஒரு மீன் உருவம் வரும். அதன் ஒலி க. அதோடு சீப்புப் போன்ற ஒரு குறி, அதுவும் க. கடைசியில் வ. சேர்த்தால் காக்காவ். அந்தச் சீப்புக் குறி லாந்தாவின் பட்டியலில் க என்னும் ஒலிக்கு உரியதாக வரையப்பட்ட குறியே.

படித்தது சரிதானா? இங்கேதான் நம் வேதியியல் துணைக்கு வருகிறது. கலத்தின் உள்ளே ஒட்டியிருந்த கசண்டைச் சுரண்டி எடுத்து, அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதில் தியோபுரோமினும் காஃபீனும் இருந்தன. தியோபுரோமினின் மூலக்கூறில் ஏழு கார்பன் அணுக்கள், காஃபீனில் எட்டு. ஒரு மெதில் தொகுதியே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை. தியோபுரோமின் மிகுந்தும் காஃபீன் குறைந்தும் சேர்ந்திருப்பது கொக்கோவின் அடையாளம். 1990ஆம் ஆண்டு முடிவு விரிவாக வெளிவந்தது. எழுத்து சொன்னதை வேதியியல் உறுதி செய்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் கொக்கோ என்று எழுதினார். உள்ளே இருந்ததும் கொக்கோவே.

இப்போது அக்குவளைகளின் விளிம்பு வரிகள் பல படிக்கப்பட்டுவிட்டன. இது இன்னார் குடிக்கும் குவளை, இது கொக்கோவுக்கு உரியது என்பதே பெரும்பாலும் செய்தி. சிலவற்றில் தீட்டிய ஓவியரின் பெயரும் உண்டு. நம் வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பதில்லையா, அதைப் போலத்தான். எளிய செய்திதான். ஆனால் மரப்பட்டை நூல்கள் எரிந்துபோன ஓர் இனத்துக்கு, தன் முன்னோர் பெயரைத் தன் எழுத்தில் படிக்கக் கிடைத்த செய்தி அது. ஏடு தீக்கு இரையாகும். முன்பே தீயில் வெந்த மண்ணைத் தீ என்ன செய்யும்?

முடிவாக

லாந்தாவைப் போற்றுவதா, தூற்றுவதா? இசமால் ஊரில் அவருக்குச் சிலை உண்டு. அவர் பெயரைச் சொன்னால் இன்றும் கசப்புக் கொள்பவர்களும் உண்டு. எழுதி வைத்ததனால் எரித்தது சரியாகிவிடாது. எரித்ததனால் எழுதியது பொய்யாகிவிடாது. இரண்டையும் இரண்டு கணக்கில் எழுதுவதே முறை. ஒரு கணக்கின் வரவைக் கொண்டு மற்றதன் கடனைக் கழிக்க முடியாது.

ஆனால் நன்றி சொல்வதானால் இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். லாந்தாவின் எதிரே அமர்ந்து, அவர் கேட்ட தவறான கேள்விக்கெல்லாம் சரியான விடை எழுதிய அந்த மாயர் எழுத்தர்! தம் இனத்தின் நூல்களை எரித்தவருக்கே தம் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கும் நிலை அவருக்கு. விருப்பமில்லை என்று எழுதிக்கொண்டே அவர் வரைந்த அந்தச் சில குறிகள்தாம் நானூறு ஆண்டுகளுக்குப் பின் குவளைகளைப் பேச வைத்தன.

மாணவ நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஏட்டில் ஏறாத அறிவு எவ்வளவோ இருக்கிறது. விதை, நீர், நோய், மருந்து, நாள், நட்சத்திரம் என்று அவர்கள் வாய்ச்சொல்லாக வைத்திருப்பதை எழுதும் கை முதன்முறையாக நம் கையாக இருக்கலாம். நமக்கு முழுவதும் விளங்காவிட்டாலும் கேட்டதைக் கேட்டபடி எழுதி வைப்போம். விளங்கிக்கொள்ளும் ஒருவர் பின்னால் வருவார்.